போதைக்கு மருந்து: நாம் சொன்ன தவறான பதில்





சில ஆண்டுகளுக்கு முன் ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்தபின் ஒரு தந்தை நம்மிடம் வந்தார். அவருடைய மகனுக்கு 22 வயது. சிறுவனாக இருந்தபோது நம் மதரஸாவில் ஓதியவன். வலி நிவாரணி மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்திற்கு அவன் ஆளாகியிருந்தான். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், புப்ரினார்ஃபின் என்ற மாத்திரையைத் தினமும் நாவின் அடியில் வைத்துக் கரையவிடும்படி சொல்லியிருந்தார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம் என்றாராம் மருத்துவர். "அதுவும் அபினி வகைதான் என்கிறார்கள், ஹஜ்ரத். மார்க்கத்தில் இது கூடுமா?" என்று கேட்டார் தந்தை.

கூடாது என்று சொன்னோம். ஒரு போதையை விட்டு மற்றொரு போதைக்குப் போவது எப்படி மருந்தாகும் என்று அவரையே திருப்பிக் கேட்டோம். ரமளான் வருகிறது, தவ்பா செய்யச் சொல்லுங்கள், நல்லவர்களோடு உட்காரவையுங்கள் என்றும் சொல்லி அனுப்பினோம். கிதாபைப் புரட்டவில்லை. மருத்துவரிடமும் விசாரிக்கவில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

மகனை வெளியூரில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார்கள். நான்கு மாதம் இருந்தான். ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சற்று முன்பு வீடு திரும்பியபோது உடல் தேறியிருந்தது. ஐவேளைத் தொழுகைக்கும் முன் ஸஃப்பில் நின்றான். நாம் அல்ஹம்துலில்லாஹ் என்றோம். நாம் சொன்ன வழி சரிதான் என்ற பெருமையும் உள்ளுக்குள் இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ஃபஜ்ருக்கு எழுப்பப்போன தாய், குளியலறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருப்பதைக் கண்டார்.

ஜனாஸாவை வைத்துக்கொண்டே, இவனுக்கு இமாம் தொழவைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தொழவைக்கப்பட்டது. பல்லாயிரம் முறை மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலையில் நின்றது அந்த வாலிபன் மட்டும்தானா என்ற கேள்வி அன்று முதல் நம்மை விடவில்லை. அந்தத் தந்தையின் அனுமதியோடுதான் இதை எழுதுகின்றோம்.

அவன் ஏன் இறந்தான் என்பதை நமக்கு விளக்கியவர் அதே மருத்துவர். அபினி, அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுக்கப்பட்ட மார்ஃபின், 1898இல் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்த ஹெராயின், இன்று மருந்துக் கடையில் இருக்கும் பல வலி நிவாரணிகள் யாவும் மூளையில் ஒரே வகை ஏற்பிகளில் சென்று பொருந்துகின்றன. வலியைத் தணிப்பதும் அந்த ஏற்பிகள்தாம், மூச்சை மெதுவாக்குவதும் அவைதாம். தொடர்ந்து எடுப்பவரின் உடல் இதற்குப் பழகிக்கொள்கிறது. நேற்றைய அளவு இன்று போதாமல் ஆகிறது. இதைத் தாங்குதிறன் என்கிறார்கள். நிறுத்திவிட்டால் சில வாரங்களில் இந்தத் தாங்குதிறன் இறங்கிவிடும். ஆனால் ஆசை அத்தனை விரைவில் இறங்குவதில்லை. நான்கு மாதம் விலகியிருந்தவன் ஒரு பலவீனமான இரவில் தன் பழைய அளவை எடுத்தான். பழைய உடல் அதைத் தாங்கியிருக்கும். புதிய உடல் தாங்கவில்லை. மூச்சு நின்றது.

அதாவது, சிறையிலிருந்தோ மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ, வீட்டில் பூட்டிவைத்துப் "பழக்கத்தை உடைத்த" பின்போ வெளியே வரும் முதல் சில வாரங்களே உயிருக்கு மிகப் பெரிய ஆபத்து உள்ள காலம். நம் வீடுகளில் அந்த வாரங்களைத்தான் வெற்றி என்று கொண்டாடுகின்றோம்.

புப்ரினார்ஃபின் அதே ஏற்பிகளில்தான் அமர்கிறது. ஆனால் அவற்றைப் பாதியளவே இயக்குகிறது. ஓர் அளவுக்கு மேல் எத்தனை மாத்திரை போட்டாலும் அதன் விளைவு அதே விகிதத்தில் ஏறுவதில்லை. ஆகவே மூச்சை நிறுத்தும் அபாயம் மிகக் குறைவு. (மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்த்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். இதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.) ஏற்பியை அது இறுகப் பற்றிக்கொள்வதால், மேலே ஹெராயின் ஏற்றினாலும் எதிர்பார்த்த கிறக்கம் வராது. ஒரு நாள் முழுதும் நடுக்கமும் குடைச்சலும் இல்லாமல் வைத்திருக்கும். சரியான அளவில் இதை எடுத்துவருபவர் வேலைக்குப் போகிறார், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார், தொழுகையில் எத்தனை ரக்அத் ஆயிற்று என்பதை அறிந்து தொழுகிறார். மெத்தடோன் என்ற மற்றொரு மருந்தும் இவ்வாறே பயன்படுகிறது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

பல நாடுகளின் பதிவுகளைத் தொகுத்து 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வைப் பின்னர் ஒரு மாணவரின் உதவியோடு படித்தோம். மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் ஆயிரம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 11 பேர் இறந்தனர். சிகிச்சையை விட்டு வெளியேறியவர்களில் ஆயிரத்துக்கு 36 பேர். புப்ரினார்ஃபினில் இந்த எண்கள் 4 என்றும் 9க்கு மேல் என்றும் இருந்தன. நம் ஐந்து நிமிடப் பதிலுக்கு எதிராக நின்றவை இந்த எண்கள்தாம்.

இப்போது மார்க்கச் சட்டத்திற்கு வருவோம். போதை தரும் அனைத்தும் ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மயக்கத்தையும் தளர்ச்சியையும் உண்டாக்குபவற்றை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. அபினியை நம் இமாம்கள் இதன் கீழேதான் கொண்டுவந்தார்கள். இதில் ஒரு எழுத்தையும் நாம் தளர்த்தவில்லை. நம் முன் இருந்த கேள்வி வேறு. ஏற்கெனவே அதில் சிக்கிய ஒருவரை எப்படி உயிரோடு வெளியே கொண்டுவருவது?

வெட்கத்தோடு சொல்கின்றோம்: அதற்கான பதில் நம் அலமாரியிலேயே இருந்தது. ஹனஃபி மத்ஹபின் ரத்துல் முஹ்தார் நூலில் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் ஒரு ஃபத்வாவை எடுத்தெழுதுகிறார்கள். ஹிஜ்ரி 974இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னு ஹஜர் மக்கீ அல்ஹைத்தமீ (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. அபினி தின்னும் சோதனைக்கு ஆளாகி, தின்னாவிட்டால் அழிந்துவிடுவான் என்ற நிலைக்கு வந்துவிட்ட ஒருவனின் சட்டம் என்ன? அது உறுதியாகத் தெரிந்தால் அவனுக்கு அது ஆகும். ஆகும் என்பது மட்டுமன்று, உயிரைக் காப்பதற்காக அவன் மீது கடமையும் ஆகும் என்பது அவர்களின் பதிலின் கருத்து. பசியால் சாகக்கிடப்பவனுக்குச் செத்த பிராணி ஆவதைப் போல என்பது அவர்கள் காட்டிய உவமை. அதோடு நிறுத்தவில்லை. உடல் உணராத வண்ணம் சிறிது சிறிதாக அளவைக் குறைத்து வருவதும் அவன் மீது கடமை. குறைக்க முயலாமல் இருந்தால் குற்றவாளி என்றும் சொன்னார்கள். தங்கள் மத்ஹபின் விதிகள் இதற்கு முரணாக இல்லை என்று ஹனஃபி அறிஞர் ரம்லீ (ரஹ்) அவர்கள் சொன்னதையும் இப்னு ஆபிதீன் (ரஹ்) அதன் கீழேயே பதிகிறார்கள்.

கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளாகவும் உள்ளூர்களில் ஹனஃபிகளாகவும் வாழும் தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு வேண்டுமா? நாற்பதாண்டு கால ஆய்வின் முடிவாக மருத்துவர்கள் செய்துவருவதை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஃபத்வா சொல்லிவிட்டது என்று மார்தட்ட நாம் இதை எழுதவில்லை. அத்தகைய கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன. அபினிக்கே அவ்வாறு சொன்னார்கள் என்றால், கிறக்கம் தராத, அளந்து கொடுக்கப்படும் மருந்தைப் பற்றி நாம் சொன்ன "கூடாது" எங்கே நிற்கும் என்பதே நம் கேள்வி.

ஓர் ஆலிம் நண்பர் இதற்கு ஒரு மறுப்புச் சொன்னார். அபினி வகையை நிறுத்தும்போது வரும் வேதனை பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை என்று மருத்துவர்களே சொல்கிறார்களே, அப்படியானால் நிர்ப்பந்தம் எங்கே இருக்கிறது என்றார். மறுப்பு நியாயமானது. வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பைக் குடையும் வலி, உறக்கமற்ற இரவுகள் ஆகியவற்றை உடல் பெரும்பாலும் தாங்கிவிடும். (மதுவில் நிலைமை வேறு. தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகக்கூடும். ரமளான் முதல் பிறையன்று மகனை அறையில் பூட்டும் வீட்டார் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும்.) ஆனால் அபினி வகையில் மரணம் வேறு வாசல் வழியாக வருகிறது. நிறுத்தியவர்களில் பலர் மீண்டும் அதில் விழுகிறார்கள், விழும்போது தாங்குதிறன் இருப்பதில்லை. அந்த 22 வயது வாலிபன் நிறுத்தியபோது இறக்கவில்லை. நிறுத்திய பின்னர் இறந்தான். அழிவு என்று இப்னு ஹஜர் (ரஹ்) சொன்னதில் இதைச் சேர்க்காமல் இருக்க நமக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அப்படியானால் ஆறே மாதத்தில் குறைத்து முடித்துவிட வேண்டும் என்று சிலர் நாள் குறிக்கிறார்கள். ஃபத்வாவில் நாள் இல்லை. உடல் உணராத வண்ணம் என்பதே அளவுகோல். அதை அறிந்தவர் மருத்துவர். நாம் முஃப்தி அல்லர், மதரஸா ஆசிரியரே. ஒவ்வொருவரின் நிலைக்கும் தகுந்த ஃபத்வாவைத் தக்க உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது மருத்துவரின் சீட்டையும் கொண்டு செல்லுங்கள்.

இவ்வகையில் உயிரைக் காத்து, நோயைத் தடுத்து, பிறகு விடுதலையை நோக்கி நடத்திச் செல்வதைத் தீங்கு குறைப்பு என்று அழைக்கிறார்கள். இது மேலை நாட்டாரின் தளர்ந்த ஒழுக்கம் என்று நாமும் நினைத்திருந்தோம். ஈரானைப் பாருங்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு மிகக் கடுமையான தண்டனை விதித்த நாடு அது. 1990களில் அதன் சிறைகளில் ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததால் எச்.ஐ.வி. பரவியது. கெர்மான்ஷா நகரில் எச்.ஐ.வி., பால்வினை நோய், போதைப் பழக்கம் மூன்றுக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை தரும் மருத்துவ மனைகளைத் திறந்தார்கள். 2005 ஜனவரியில் நீதித்துறைத் தலைவர் ஆயதுல்லாஹ் ஷாஹ்ரூதி, மெத்தடோன் தருவதையும் சுத்தமான ஊசி வழங்குவதையும் தடுக்க வேண்டாம் என்று நீதிபதிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மலேசியாவில் அதே 2005இல் அரசு மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கியது. 2010இல் கோலாலம்பூரின் மஸ்ஜித் அர்ரஹ்மானில், பள்ளிவாசலிலேயே மெத்தடோன் வழங்கும் ஏற்பாடு வந்தது. தொழுகை, மார்க்க வகுப்பு, மருந்து எல்லாம் ஒரே கூரையின் கீழ். நம் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். மற்றவர்கள் இருந்தார்கள்.

ஊசி கொடுத்தால் பழக்கம் பெருகாதா என்பது பலரின் அச்சம். ஊசி கிடைப்பதால் எவரும் புதிதாகத் தொடங்குவதில்லை. ஊசி கிடைக்காததால் எவரும் விட்டதும் இல்லை. கிடைக்காதபோது நண்பனுடையதை வாங்குகிறார்கள், அவ்வளவே. பின்னர் அந்த வாலிபருக்கு நிகாஹ் நடக்கிறது. ஒன்றுமறியாத ஒரு பெண்ணின் உடலுக்கு அந்தக் கிருமி போகிறது. வலீ என்ற முறையில் கையொப்பமிடும் தந்தைமார்கள் இதை யோசிக்க வேண்டும்.

இது நம் சமுதாயத்தில் இல்லாத ஒன்று என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. மத்திய அரசுக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 2.26 கோடிப் பேர் அபினி வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். சுமார் 77 லட்சம் பேருக்கு அதனால் சிகிச்சை தேவைப்படுகிறது. ஊசியில் ஏற்றுபவர்கள் ஏறக்குறைய 8.5 லட்சம். இதில் எந்த மஹல்லாவுக்கும் விதிவிலக்கு எழுதப்படவில்லை.

வேறொரு திசையிலிருந்தும் கேள்வி வருகிறது. கல்லூரி செல்லும் மாணவர்கள் கைபேசியில் காணொளிகளைக் காட்டி, காளானும் எல்.எஸ்.டி.யும் அமெரிக்காவில் மனநோய்க்கு மருந்தாமே, உஸ்தாத் என்கிறார்கள். சிலர் கொடைக்கானல் வரை காளானைத் தேடிப் போயிருக்கிறார்கள். அதட்டி அனுப்புவது எளிது. ஆனால் அந்த ஆய்வுகள் உண்மையானவை. மறுத்தால் நம்மை நம்பமாட்டார்கள். சைலோசைபின் என்பது அக்காளான்களில் உள்ள பொருள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 15 புகைப்பிடிப்பவர்களுக்கு ஆலோசனையோடு சேர்த்துக் கொடுத்தபோது, ஆறு மாதம் கழித்து 12 பேர் புகைக்காமல் இருந்தார்கள் என்று 2014இல் எழுதினார்கள். வியப்புக்குரியதுதான், ஆனால் 15 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதை மற்றச் சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு எழுதிக்கொடுக்கலாம். எம்.டி.எம்.ஏ. என்ற பொருளுக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி தர மறுத்து, மேலும் ஆய்வு கேட்டது. அறிஞர்களே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கும் இடம் அது.

மாணவர்களிடம் நாம் சொல்வது இதுதான். அந்த ஆய்வுகளில் குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களை முன்பே விலக்கிவிடுகிறார்கள். அளவு மில்லிகிராமில் அளக்கப்படுகிறது. பயிற்சி பெற்றவர்கள் பல மணி நேரம் கூடவே அமர்ந்திருக்கிறார்கள். மலைச் சாலையில் பொட்டலத்தில் வாங்குவதற்கும் இதற்கும் பெயர் ஒன்று என்பதைத் தவிர ஒற்றுமை இல்லை. அழுகிய கையை வெட்டுவதற்காக அறிவை மறக்கச் செய்யும் ஒன்றை உட்கொள்ளத் தேவைப்பட்டால் அது ஆகும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மஜ்மூஃவில் எழுதுகிறார்கள். எனவே சிகிச்சை என்று நாளை உறுதியானால் அதற்கான வாசல் நம் ஃபிக்ஹில் இருக்கிறது. கை அழுகாதவருக்கு அந்த வாசல் இல்லை. காளான் தின்றால் ஆன்மிக அனுபவம் வருகிறது என்பவர்களுக்கு மட்டும் நம்மிடம் பொறுமை குறைவு. மறுநாள் ஃபஜ்ருக்கு எழுந்தீர்களா என்று கேட்டுவிடுகின்றோம்.

பெற்றோருக்குச் சில விவரங்கள். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், அழைப்புக்குக் கட்டணமில்லை. மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் பிடிக்கும் என்ற அச்சத்தால் பலர் மறைக்கிறார்கள். சிறிய அளவோடு பிடிபட்டவரோ, உட்கொண்ட குற்றத்திற்கு மட்டும் ஆளானவரோ தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்று முடித்தால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. உதடு நீலம் பாய்ந்து, எழுப்பினாலும் எழாமல், குறட்டை போல மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால் உறங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். என்ன எடுத்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து சில நிமிடங்களில் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். நோன்புக் காலத்தில் நாவின் அடியில் கரையும் மாத்திரையை இஃப்தாருக்குப் பின் எடுக்க முடியுமா என்று ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். முடியாவிட்டால் நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை இருக்கிறது. நோன்புக்காக மருந்தை நிறுத்தவேண்டாம்.

மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியில் உள்ளது. பல ஆண்டுகளாக நாம் பாடம் நடத்திய ஹதீஸ் இது. அந்தத் தந்தை வந்த அன்று அது நம் நினைவுக்கு வரவில்லை.

சென்ற மாதம் ஒரு தாய் திரைக்கு அப்பாலிருந்து அதே கேள்வியைக் கேட்டார். மகன், அதே மாத்திரை, கூடுமா? மருத்துவர் சொன்னபடி எடுக்கச் சொல்லுங்கள், நாமாக நிறுத்தக் கூடாது என்றோம். மறுநாள் அவருடைய கணவரோடும் மகனோடும் நாமும் மருத்துவமனைக்குச் சென்றோம். வரிசையில் காத்திருந்தபோது அந்த வாலிபன், "உஸ்தாத், இதை நாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு எச்சில் விழுங்கினால் ஒளு முறியுமா?" என்று கேட்டான். முறியாது என்றோம்.